டேங்க் கழுவுகிற இடம்

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் எதுவும் முளைக்காது. தோட்டம் என்பது பெரிய வார்த்தை. வீட்டைச் சுற்றிக் காம்பவுண்டு வரைக்கும் மண்தரை, ஒரு முருங்கைமரம், ஒரு குழாயடி, அவ்வளவுதான். அந்தக் குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் வெறுமனே கிடக்கும். என் வீட்டுக்காரர் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் முதுகிலிருந்து மருந்து டேங்கை இறக்கி, குழாயில் பிடித்துக் கழுவி, கழுவின தண்ணீரை அங்கேதான் ஊற்றுவார். வருடக்கணக்காகக் களைக்கொல்லி குடித்த மண் அது. சுற்றிலும் முழங்கால் உயரம் பச்சை ஏறினாலும் அந்த இடம் மட்டும் மொட்டையாக இருக்கும். எனக்கு அது பழகிவிட்டது. துணி காயப் போடும்போது காலில் முள் குத்தாமல் நிற்க அதுதான் வசதி.

எங்கள் தொழில் களை எடுப்பது. வயலில் இல்லை, வீடுகளில். கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். வீட்டு வாசலில் முளைக்கிற புல்லைப் பிடுங்க ஒரு ஆளா, அதற்கு ஒரு கம்பெனியா என்று. எங்கள் ஊர் ஓரத்து வேங்கிக்காலில் வந்து பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். கலெக்டர் ஆபீஸ் வந்தபிறகு அதைச் சுற்றி மனை வாங்கி வீடு கட்டியவர்கள் எல்லோரும் நாலு பக்கமும் மண் விட்டுத்தான் கட்டினார்கள். தோட்டம் போடுகிற ஆசை. இரண்டு ரோஜா, ஒரு செம்பருத்தி, ஒரு மாங்கன்று வைப்பார்கள். புருஷன் ஒரு ஆபீஸ், பெண்டாட்டி ஒரு பள்ளிக்கூடம். முதல் மழை பெய்து பத்துப் பதினைந்து நாளில் ரோஜாச் செடி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அப்புறம் பாம்பு பார்த்தோம் என்று எனக்குப் போன் வரும். ரமணாசிரமம் பக்கத்தில் வேறு கதை. அங்கே சென்னைக்காரர்கள் வீடு வாங்கிப் பூட்டிப் போட்டிருப்பார்கள். கார்த்திகை தீபத்துக்கு மட்டும் வந்து கதவைத் திறப்பார்கள். அவர்கள் வருவதற்குள் அந்தக் காட்டை வீடாக்கி வைக்க வேண்டும்.

வேலைக்குப் பருவம் உண்டு. புரட்டாசியில், பெரிய மழை தொடங்குமுன் மண்ணில் ஒரு மருந்து அடித்துவிட்டால் விதை முளைக்காது. அதையும் மீறி ஐப்பசி மழையில் வந்ததைப் பூ வைக்கும் முன்பு கையால் பிடுங்க வேண்டும். பார்த்தீனியம் பூத்து விதை கொட்டிவிட்டதோ, அந்த வருடம் போச்சு, அடுத்த வருடமும் போச்சு. அதற்கப்புறம் மிஷின் வைத்து வெட்டலாம், பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். பௌர்ணமி அன்று மட்டும் லீவு. கிரிவலக் கூட்டத்துக்குள் மிஷினைத் தூக்கிக்கொண்டு செங்கம் ரோட்டில் நுழைய முடியாது. மருந்தும் மிஷினும் அவர் பார்த்துக்கொள்வார். போனும் கைக்களையும் நான். என்னோடு கைக்களைக்கு ஒரு அக்கா வருவார். என்னைவிட மூத்தவர், வாய் கொஞ்சம் அதிகம், கை அதைவிட வேகம்.

பங்குனியில் ஒரு காலையில் என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தார். ஆட்டோவில் போகும்போதே போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். மருந்து அடித்து அடித்துத்தான் இப்படி என்று தெருவில் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்கவும் தோன்றவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் பிள்ளைக்காக அழவேண்டிய அவசியமும் எனக்கு இல்லாமல் போயிற்று. எனக்காக அழலாம் என்றால் அது வரவில்லை.

வந்த பெண்கள் எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அழுதுடு, அழுதுடு" என்றார்கள். என் அண்ணி தொடையில் கிள்ளிக்கூடப் பார்த்தார். நான் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரை யார் நிறுத்துவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் என் காதில் மட்டும் விழுவதுபோல் இருந்தது. கடைசியில் நானே எழுந்துபோய் நிறுத்தினேன். செத்த வீட்டில் பெண்டாட்டி எழுந்துபோய் மோட்டார் ஸ்விட்சைத் தட்டியதை ஊரே பார்த்தது. அதற்கு ஒரு பேச்சு நடந்திருக்கும். நடந்துவிட்டுப் போகட்டும்.

கருமாதிச் சமையலுக்கு வந்த ஆள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்த மொட்டை இடத்தில் செங்கல் வைத்து அடுப்பு மூட்டினார். "புல்லு பூண்டு இல்லாத சுத்தமான எடமா பாத்து வெச்சிட்டேம்மா" என்றார். அது எந்த மாதிரி சுத்தம் என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார் என்று மட்டும் நினைத்தேன். அந்த நினைப்பும் வேறு யாரைப் பற்றியோ வந்த நினைப்பு மாதிரி வந்து போயிற்று. சாம்பார் நன்றாக இருந்தது என்றார்கள்.

என் அண்ணன் போளூரில் டிபன் கடை வைத்திருக்கிறான். கருமாதி முடிந்த மறுநாளே பேச்சை எடுத்தான்.

"தனியா இங்க இன்னாம்மா பண்ணப் போற? வூட்டை வாடகைக்கு வுட்டுட்டு வந்துடு. கடையில எனக்கும் ஆள் வேணும். அந்த மிஷினையும் டேங்கையும் போளூர்ல ஒருத்தன் கேக்கறான்."

நல்லவன்தான். தங்கச்சியைத் தெருவில் விடக்கூடாது என்று நினைக்கிறவன். கடையில் ஆள் வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறவன். நான் யோசிக்காமலே "இந்த ஒரு பருவம் பாக்கறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. அந்த வேலைமேல் அப்போது எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. போளூர்மேலும் இல்லை. வெயில் காலத்தில் எங்களுக்கு வேலை கம்மி, புரட்டாசிக்கு இன்னும் நாள் இருந்தது, அதனால் பதிலைத் தள்ளிப் போட்டிருக்கலாம்.

"சரி, தீபம் வரைக்கும் பாரு. ஓடலன்னா நானே வந்து இட்டுனு போயிடுவேன்" என்றான் அண்ணன்.

அப்படித்தான் முடிவாயிற்று. தீபத்துக்குள் வீடுகள் பழையபடி வந்தால் நான் இங்கே. வராவிட்டால் போளூரில் இட்லி ஊற்ற வேண்டியது.

சித்திரை, வைகாசி, ஆனி எல்லாம் எப்படிப் போயின என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சாப்பிட்டேன். தூங்கினேன், நன்றாகவே தூங்கினேன். விடியற்காலையில் பழக்கத்தில் இரண்டு பேருக்குக் காபி போட்டு, ஒன்றைக் கீழே கொட்டிவிட்டு, மறுநாளும் இரண்டு போட்டேன். துக்கம் என்று சொல்ல முடியாது. துக்கத்துக்கு ஒரு ருசி இருக்கும். பல் பிடுங்கும்போது ஊசி போட்டபிறகு கன்னம் மரத்துப்போய்க் கிடக்குமே, எனக்கு உடம்பெல்லாம் அப்படி இருந்தது. தொட்டால் தொட்டது தெரியும், வலி தெரியாது. ஆடியில் வழக்கம்போல் அக்கா வந்து தோட்டத்தைப் பார்த்தார். "களைக்காரி வூட்டுலயே காடு மண்டிப் போச்சு, ஊர்ல எவ நம்மள கூப்புடுவா" என்று திட்டினார். சரி என்றேன். கையை வைக்கவில்லை. அவர் பிடுங்க உட்கார்ந்தபோது வேண்டாம் என்று எழுப்பிவிட்டேன்.

புரட்டாசி பிறந்ததும் போன் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதனால் நானே கூப்பிட்டேன். முதலில் வேங்கிக்காலில் ஒரு டீச்சரம்மாவுக்கு. எங்களுக்கு அவர்தான் முதல் வீடு. அவர் சொல்லித்தான் அந்தத் தெருவே எங்களிடம் வந்தது.

"ஐயோ, நீயாம்மா. எப்படிம்மா இருக்க? ஒடம்பப் பாத்துக்க" என்றார். மழைக்கு முன்னால் மருந்து அடித்துவிடலாமா என்று கேட்டேன்.

"இப்ப எதுக்கும்மா அலையற. தீபம் முடிஞ்சு பாத்துக்கலாம்."

தீபம் முடிந்தபிறகு மழைக்கு முந்தைய மருந்தை எப்படி அடிப்பது என்று அவருக்கும் தெரியும். கணக்கு டீச்சர் அவர். அடுத்து அவருடைய எதிர்வீட்டுக்குப் பேசினேன். "தீபம் முடிஞ்சு பாத்துக்கலாங்க." அடுத்த வீடு. அதே பதில். எல்லோரும் அன்பாகப் பேசினார்கள், எல்லோரும் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், எல்லோரும் தீபத்துக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். வேறு யாராவது மிஷின் வாங்கியிருப்பார்கள், கம்மியாகக் கேட்டிருப்பார்கள்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "உனுக்கு நெஜமாவே புரியலையா? தீபத்துக்கு முன்னாடி நீ போயி அவங்க வாசல்ல நிக்கக் கூடாது. அதான். சாவு வூட்டுக்காரி, அதுவும் தாலி எறக்குனவ. மொகத்துக்கு நேரா சொல்ல முடியாம தள்ளிப் போடறாங்க."

நான் நினைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. தீபத்துக்கு வெள்ளையடிப்பார்கள், வாசல் நிறையக் கோலம் போடுவார்கள், ஊரிலிருந்து சொந்தம் வந்து மொட்டைமாடியில் நின்று மலையைப் பார்க்கும். அதற்கு முன்னால் வருகிற முதல் ஆளாக நான் எதற்கு. நானே அவர்களுடைய இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கொண்டேன். அதே பதிலைத்தான், இன்னும் கொஞ்சம் நீளமாகச் சொல்லியிருப்பேன்.

"கோவம் வரலையா உனுக்கு?" என்றார் அக்கா.

"வரலக்கா."

"வந்தா நல்லாருக்கும்."

பக்கத்துத் தெருவில் ஒரு சிமெண்டுக் கடைக்காரர் வீட்டில் வேலை நடந்தது, அக்கா தனியாகப் போய்ச் செய்துவிட்டு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அதிலும் வருத்தம் இல்லை. வருத்தப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

தானாகக் கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ரமணாசிரமம் பக்கத்தில் குடியிருக்கிற வெள்ளைக்காரி. அவள் வீட்டில் மருந்து கூடாது, எல்லாம் கையால்தான். செடியைப் பிடுங்கும் முன்பு அதனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முன்பே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அக்கா ஒவ்வொரு கோரைக்கும் உதட்டை அசைப்பார், ஆனால் சொல்வது மன்னிப்பு இல்லை. இந்த முறை அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தாள். கண்ணை மூடி மூச்சைக் கவனி என்றாள். மூடிக் கவனித்தேன். வந்துகொண்டுதான் இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. என் வீட்டுக்காரருக்காக அந்தப் பருவத்தில் என் எதிரில் அழுதவள் அவள்தான். எனக்கு அவளைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது.

இன்னொருவர் டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கிற பாய். தாத்தா காலத்திலிருந்து அங்கேயே இருக்கிற குடும்பம். வீட்டின் பின்பக்கம் கிணறும் பெரிய மண்முற்றமும் உண்டு.

"இன்னாம்மா, மழை வரப் போவுது, ஆளையே காணோம். வூட்ல கேட்டுக்கினே இருக்காங்க. போன வருசமே களை ஜாஸ்தி. எப்ப வர?"

நான் வரலாமா என்று கேட்டேன். என்ன நினைத்துக் கேட்டேனோ, கேட்டுவிட்டேன். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"எங்கள்ல நாலு மாசம் பத்து நாள் வூட்டுக்குள்ள இருப்பாங்க. இத்தான்னு சொல்லுவோம். அது முடிஞ்சா முடிஞ்சுது. உனுக்கு எப்பவோ முடிஞ்சுபோச்சும்மா. வா, வந்து வேலையப் பாரு" என்றார்.

மருந்து அடிக்க வேறு ஆள் இல்லை. அக்கா டேங்கைத் தொடமாட்டார். அன்றைக்குத்தான் முதன்முதலாக நான் அதை முதுகில் மாட்டினேன். வார் அவருடைய தோளுக்கு வைத்திருந்த அளவில் இருந்தது. எனக்கு நீளம், டேங்க் இடுப்புக்குக் கீழே தொங்கி ஒவ்வொரு அடிக்கும் இடித்தது. இறுக்கிக்கொள்ளலாம், பக்கிளை ஒரு துளை மாற்றினால் போதும். மாற்றாமலே முற்றம் முழுக்க அடித்தேன். சாயங்காலம் இடுப்பில் கன்றிப்போயிருந்தது. பாயின் வீட்டம்மா டீ கொண்டுவந்து வைத்து, எதிரில் உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கும் வரை இருந்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். அழு என்று சொல்லாத முகம் அவருக்கு.

வீட்டுக்கு வந்து டேங்கைக் குழாயடியில் இறக்கினேன். கழுவவில்லை. கழுவாமல் வைத்தால் அடியில் தங்கின மருந்து காய்ந்து, மருந்து பீய்ச்சுகிற நாசில் அடைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அவர் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கூட அதைக் கழுவாமல் படுத்ததில்லை. முதல் தண்ணீர், இரண்டாவது தண்ணீர், மூன்றாவது தண்ணீர் என்று குலுக்கிக் குலுக்கி ஊற்றுவார். சோறு ஆறுகிறது என்று நான் உள்ளேயிருந்து கத்துவேன். அன்றைக்கு டேங்கைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். அப்புறம் அதை எடுக்க வேண்டிய வேலை வரவில்லை.

ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. அக்காவோடு வேங்கிக்கால் வழியாகப் போகும்போதெல்லாம் பார்த்தேன். டீச்சரம்மா வீட்டில் ரோஜா காணாமல் போயிருந்தது. பார்த்தீனியம் முதலில் தரையோடு ஒட்டிக் கொத்துமல்லிக் கட்டை விரித்துப் போட்ட மாதிரி இருந்தது, அப்புறம் தண்டு விட்டது, அப்புறம் காம்பவுண்டுக்கு மேலே வெள்ளைப் பூ தெரிந்தது. தெரு முழுக்க அப்படித்தான். என்னுடைய முகத்தைத் தள்ளி வைத்தவர்கள் வீட்டில் எல்லாம் அது பொரிப் பொரியாகப் பூத்து நின்றது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "நல்லா வேணும்" என்றார். எனக்குச் சந்தோஷமும் இல்லை. இப்போது பிடுங்கினால் இன்னும் பாதியைக் காப்பாற்றலாம் என்று மட்டும் கணக்குப் போட்டது மனசு, பழக்கத்தில்.

தீபத்துக்கு முந்தின வாரம் தெருவில் எல்லோரும் கூலிக்கு ஆள் வைத்து அரிவாளால் அறுத்துத் தள்ளினார்கள். பூத்த செடியை அறுத்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். போகிற வழியெல்லாம் விதை. கோலம் போடுகிற வாசலில் விதை. நான் சைக்கிளை நிறுத்தி ஒரு நிமிஷம் பார்த்தேன். டீச்சரம்மா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

தீபத்தன்று எங்கள் வீட்டில் விளக்கு இல்லை. வருடம் திரும்பாத வீடு. சாயங்காலம் ஆனதும் தெருவே மாடியில் ஏறி மலையைப் பார்த்து நின்றது. அரோகரா சத்தம் வந்தது, சுற்றிலும் வீடுகளில் அகல் ஏற்றினார்கள், பட்டாசு வெடித்தது. நான் சமையல்கட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஜன்னலைத் திறந்திருந்தால் மலைமேல் நெருப்புத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு லீவு என்றாலும் அவர் டேங்கைக் கழுவி வைத்த கையோடு மாடிக்கு ஓடி வந்து, மருந்து நாறுகிற கையால் கும்பிடுவார், நான் தள்ளி நில்லுங்கள் என்பேன். அதை நினைத்தேன். கீரையை ஆய்ந்து முடித்தேன்.

மறுநாள் காலையிலிருந்து போன் அடித்தது. டீச்சரம்மாதான் முதலில். "தீபம் முடிஞ்சுடுச்சும்மா. எப்ப வர? வேரெல்லாம் அப்படியே இருக்குது, மறுபடி துளுக்குது." பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எதிர்வீடு பேசியது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அண்ணனும் போன் செய்திருந்தான், வண்டி பேசிவிட்டதாக. அவனுக்கும் சரி என்றேன். யாருக்கும் இல்லை என்று சொல்கிற தெம்பு எனக்கு இல்லை.

அண்ணன் சின்ன லோடு வண்டியோடு வந்தான். என் துணி ஒரு பையில் கட்டி வாசலில் இருந்தது. அதையும் களைக்கொத்திகளையும் வண்டியில் போட்டான், புல் வெட்டுகிற மிஷினைப் போட்டான், கேன்களைப் போட்டான். பிறகு குழாயடிக்குப் போனான். இடுப்பளவு செடியை விலக்கிக்கொண்டு நடந்தான்.

"இந்தா பாரும்மா, இவ்ளோ வருசம் களை எடுத்த மனுசன் வூடு. கால் வெக்க எடமில்ல" என்று முணுமுணுத்தான். சுவரோரம் இருந்த டேங்கைத் தூக்கிக்கொண்டு அந்த மொட்டை இடத்தில் வந்து நின்றான். "இங்க மட்டும் பரவால்ல. இங்கயும் லேசா வந்துட்டுது பாரு."

எங்கே என்று கேட்டேன்.

"அதோ, கால்மாட்டுல."

போய்ப் பார்த்தேன். கருமாதி அடுப்பின் கரி இன்னும் கொஞ்சம் மண்ணில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பார்த்தீனியம், தரையோடு ஒட்டி, நாலு பக்கமும் இலையை விரித்து, நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டி இரண்டு மூன்று கோரை, ஊசி ஊசியாக.

அவர் அங்கே ஊற்ற ஆரம்பித்ததிலிருந்து ஒன்றும் முளைத்ததில்லை. ஒரு முறை அவர் ஊருக்குப் போய்ச் சில நாள் தங்கிவிட்டு வந்தபோது கூட முளைத்ததில்லை. இனி சாயங்காலத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் வரப்போவதில்லை என்று மண்ணுக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது. எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிட்டிருக்கிறது.

கோபம் வந்தது. முதலில் அந்தச் செடிமேல் வந்தது. உனக்கு வேறு இடம் இல்லையா என்று சத்தமாகவே கேட்டேன். அப்புறம் டீச்சரம்மாமேல், அவருடைய கோலத்தின்மேல், தெருமேல், அடுப்பு வைத்த சமையல்காரர்மேல், சாப்பாட்டு வேளையில் மூன்று தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றுவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் ஆட்டோவில் செத்துப்போன மனுஷன்மேல். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அடுத்த வீட்டுக்காரி காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பங்குனியில் வரவேண்டிய சத்தம் கார்த்திகையில் வந்ததைக் கேட்டு அவள் என்ன நினைத்தாளோ.

அண்ணன் டேங்கைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். "எழுந்திரும்மா. வண்டிக்காரன் பாக்கறான்."

"பாக்கட்டும். டேங்க கீழ வை."

"வெக்கறேன். நீ எழுந்திரு."

"மிஷினையும் எறக்கு. நான் வரல."

அவன் ரொம்ப நேரம் பேசினான். நான் தனி ஆள், என் உடம்பு, ஊர் வாய், போளூர்க்காரனுக்குக் கொடுத்த வாக்கு. எல்லாம் உண்மைதான். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டேன். கடைசியில் மிஷினையும் மற்றதையும் அவனே இறக்கி வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, என் துணிப்பையை மட்டும் மறந்து வண்டியில் எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் யாரிடமோ கொடுத்தனுப்பினான். உள்ளே ஒரு பொட்டலம் இட்லிப் பொடியும் மோர் மிளகாயும் இருந்தன.

அன்றைக்கே டீச்சரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்குக் காலைல வரேங்க. நானும் அக்காவும். டேங்க் தூக்கறதும் நான்தான்."

"வாம்மா, வா. பின்னாடி கேட்டு தெறந்து வெக்கச் சொல்றேன்."

"பின்னாடி வேணாங்க. வாசல் வழியாவே வரேன். விதை அங்கதான் ஜாஸ்தி கொட்டிக் கெடக்குது. அடுத்த வருசம் புரட்டாசியிலயும் நான்தான் வருவேன், வாசல் வழியாத்தான் வருவேன். அப்படின்னா சொல்லுங்க, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

அந்தப் பக்கம் டி.வி. ஓடுகிற சத்தம் கேட்டது. "சரிம்மா, வா" என்றார். குரலில் பிரியம் கொஞ்சம் குறைந்திருந்தது. பரவாயில்லை.

நாசில் அடைத்துக்கொண்டிருந்தது. ஊசியால் குத்தி, வெந்நீரில் ஊறவைத்து, அதைச் சரிசெய்ய அன்றைய பொழுது போயிற்று. வாரை என் தோளுக்கு இறுக்கினேன். பக்கிள் புதுத் துளைக்குள் போக மறுத்தது, ஆணியைச் சுட்டுக் குத்தினேன். மறுநாள் டீச்சரம்மா வாசலில் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய் வேலை செய்தோம். சாயங்காலம் வரைக்கும் அவர் வெளியே வரவில்லை, காபி மட்டும் வந்தது. அக்கா இரண்டு டம்ளரையும் குடித்தார்.

இருட்டும் முன்பு வீட்டுக்கு வந்து டேங்கை இறக்கிக் குழாயடியில் வைத்தேன். இடுப்பு வலித்தது, தோள் வலித்தது, நன்றாகவே வலித்தது. அந்தப் பார்த்தீனியத்தைப் பிடுங்கவில்லை. இரண்டு விரலில் எடுத்திருக்கலாம். தண்ணீர் பிடித்து, குலுக்கி, முதல் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். இரண்டாவது தண்ணீர். மூன்றாவது தண்ணீர். சோறு ஆறுகிறது என்று சொல்ல உள்ளே யாரும் இல்லை, சோறும் இன்னும் வடிக்கவில்லை.

தினமும் அங்கேயே ஊற்றினேன். சில நாளில் இலை மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, தரையோடு காய்ந்தது. கோரை போக இன்னும் நாளாயிற்று. மார்கழி முடிகிறபோது அந்த இடம் பழையபடி வெறும் மண்ணாக இருந்தது. டேங்கைக் கழுவி, அவர் வைக்கிற மாதிரி அங்கே தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைத்தேன்.